சொல் தெரியும், தொடக்கம்தான் சிக்கல்

தோசை சாப்பிட ஆசைப்பட்டு ஓட்டலுக்குப் போனவர் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார். சர்வர் மேசைப் பக்கம் திரும்பும்போதே ‘தோ’ இன்றைக்கு வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் தாம்பரத்துக்கு டிக்கெட் கேட்க வேண்டிய இன்னொருவர், ‘தா’வில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அதற்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறார். கூடுதல் காசு போனால் போகட்டும், பின்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம். திக்கிப் பேசும் யாரிடம் மனம்விட்டுப் பேசினாலும் இப்படிப் பத்துக் கதை கிடைக்கும். நாளெல்லாம் அவர்கள் மாற்றுச் சொல் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ‘பால்’ வராவிட்டால் ‘மில்க்’, ‘கணவர்’ வராவிட்டால் ‘வீட்டுக்காரர்’. சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதான் என்பது கொடுமை. பெயரைச் சொல்லத் திணறுகிறவரைப் பார்த்து, தன் பெயர்கூடத் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல எதிரில் இருப்பவர் விழிக்கிறார்.

இந்தச் சங்கடங்களிலேயே திக்கலின் அறிவியல் பாதி அடங்கியிருக்கிறது. சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். எந்த இடத்தில் நிற்கும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். யோசனையில் குறை இல்லை, மொழியறிவில் குறை இல்லை, நாக்கிலும் குறை இல்லை. தெரிந்த சொல்லை உரிய நொடியில் தொடங்கிவைக்கும் வேலை மட்டும் மூளையில் தடுமாறுகிறது. திக்கல் பெரும்பாலும் சொல்லின் முதல் ஒலியிலேயே வருவதற்குக் காரணம் இதுதான்.

திக்கல் மூன்று விதமாக வெளிப்படும். ‘அ-அ-அம்மா’ என்று ஒலி திரும்பத் திரும்ப வருவது ஒன்று. ‘ஸ்ஸ்ஸ்ஸார்’ என்று இழுபடுவது இன்னொன்று. மூன்றாவது அடைப்பு. கேட்பவர்களுக்குக் கொஞ்சமும் புரியாதது இந்த மூன்றாவதுதான், திக்குகிறவரை அதிகம் வதைப்பதும் அதுதான். ‘பாலு’ என்று சொல்ல உதடுகள் சேர்கின்றன, சேர்ந்தபடியே இறுகிவிடுகின்றன. தொண்டையில் குரல்நாண்கள் அடைத்துக்கொள்கின்றன. காற்று நெஞ்சிலேயே நிற்கிறது. இரண்டு நொடி, மூன்று நொடி எந்தச் சத்தமும் இல்லை. உள்ளே பெரிய மல்லுக்கட்டு நடக்கிறது, வெளியே இருப்பவருக்குத் தெரிவது மௌனம் மட்டும். கண் சிமிட்டுவது, தலையை வெட்டுவது, தொடையில் தட்டுவது, ‘அது வந்து… அதாவது…’ என்று முன்னால் சொற்களை அடுக்குவது எல்லாம் அந்த அடைப்பை உடைக்க எப்போதோ ஒருமுறை உதவியவை. உதவுவது நின்றுபோன பிறகும் பழக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

உலகெங்கும் வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார். எந்த மொழி பேசுகிறவர்களும் விலக்கில்லை. குழந்தைகளில் எண்ணிக்கை இன்னும் அதிகம்: நூற்றுக்கு ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில். வாக்கியங்கள் நீளத் தொடங்கும் பருவம் அது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ தானாகவே சரியாகிவிடுகிறது. பெண் குழந்தைகள் மீள்வது அதிகம். அதனால்தான் தொடக்கத்தில் ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டாலும், பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற அளவில் திக்குகிறார்கள்.

காரணம் தேடிய கதை நீளமானது, பல இடங்களில் கொடூரமானது. 1841இல் பெர்லினில் யோஹான் டீஃபன்பாக் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர், நாக்கின் அடிப்பகுதியை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தால் திக்கல் போய்விடும் என்று நம்பி அப்படியே செய்தார். ஈதர் மயக்க மருந்தை உலகம் அறிவதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தைய காலம் அது. நம் ஊரில் வெட்டு இல்லாவிட்டாலும் நம்பிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. பயந்ததால் வந்தது, திக்குகிற பிள்ளையோடு சேர்ந்ததால் ஒட்டிக்கொண்டது, நாக்கு தடித்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வதும் கைவைத்தியங்கள். வசம்பில் உள்ள அசரோன் என்ற வேதிப்பொருளின் நச்சுத்தன்மை காரணமாக அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. திக்கலுக்காகக் குழந்தையின் நாக்கில் அதைத் தடவ எந்த நியாயமும் இல்லை. கூழாங்கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மொழி படிப்பதால் திக்கல் வருகிறது என்ற சந்தேகத்துக்கும் ஆதாரம் இல்லை. அதற்காக வீட்டில் தமிழையோ பள்ளியில் ஆங்கிலத்தையோ நிறுத்த வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தேடலின் மையம் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம். அங்கே லீ டிராவிஸ் என்பவர், மூளையின் இரு பாதிகளும் பேச்சை ஆளப் போட்டி போடுவதால் திக்கல் வருகிறது என்றார். அதை நம்பி வலக்கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு இடக்கையால் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே படித்த வெண்டெல் ஜான்சனே திக்குகிறவர். இந்தக் கைமாற்றும் வித்தையால் பலன் காணாத அவர் வேறு முடிவுக்கு வந்தார்: எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறும், பதற்றமான பெற்றோர் அதைத் திக்கல் என்று பெயரிட்டுத் திருத்தப் புகும்போதுதான் உண்மையான திக்கல் பிறக்கிறது.

இதைச் சோதிக்க 1939இல் அவரது மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் நகரிலிருந்த அனாதை இல்லத்துக்குப் போனார். 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உனக்குத் திக்கல் ஆரம்பித்துவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் வாயைத் திறக்காதே என்கிற விதமாகச் சில மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குழந்தைகள் பேசுவதைக் குறைத்தார்கள், வகுப்பில் பதில் சொல்ல மறுத்தார்கள். இந்த ஆய்வேடு எந்த இதழிலும் வெளிவராமல் நூலகத்தில் கிடந்தது. 2001இல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்த பிறகே, தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பது, அதற்குள் முதியவர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் ஐயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

அந்த ஆய்வேட்டைப் பின்னாளில் நிதானமாக அலசிய ஆய்வாளர்கள் கண்டது, நன்றாகப் பேசிய பிள்ளைகளை அந்தச் சொற்கள் திக்குவாயர்களாக ஆக்கவில்லை என்பது. அவர்களுக்கு வந்தது கூச்சமும் பயமும் ஒதுங்குதலும். இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கடுஞ்சொல்லால் திக்கலை உண்டாக்க முடியாது, ஆனால் திக்கலோடு சேர்ந்து வரும் துன்பம் முழுவதையும் உண்டாக்க முடியும். ஆனாலும் ஜான்சனின் கருத்து பல பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. ‘கண்டுகொள்ளாதீர்கள், தானாகப் போய்விடும்’ என்ற அறிவுரையும், ‘எங்கே தப்பு செய்தோம்?’ என்று பெற்றோரைக் குடைந்த குற்ற உணர்ச்சியும் அதன் மிச்சங்கள். எத்தனையோ தாய்மார்கள் இன்றும் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் அதை இறக்கிவைக்கலாம்.

ஏனென்றால் வேர் மரபணுவிலும் மூளையின் அமைப்பிலும் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருவர் திக்கினால் ரத்த உறவில் இன்னொருவரும் திக்குவது அடிக்கடி காணக்கூடியது. உருவொத்த இரட்டையர்களில் இருவருமே திக்குவது, மற்ற இரட்டையர்களைவிட அதிகம். 2010இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டென்னிஸ் டிரெய்னாவும் அவரது குழுவினரும், நெருங்கிய உறவில் மணமுடிக்கும் பாகிஸ்தானியக் குடும்பங்களிலிருந்து தொடங்கி மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். உயிரணுவுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகளை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதில் பங்குள்ள மரபணுக்கள் அவை. அதே மாற்றத்தை எலியில் புகுத்தியபோது, எலிக்குஞ்சின் கீச்சொலிகளுக்கு நடுவே இடைவெளிகள் நீண்டன. இந்த மரபணுக்கள் திக்குகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே விளக்கம் தருகின்றன. 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, திக்கலோடு தொடர்புடைய 57 இடங்களைக் காட்டியது. அவற்றில் சில, தாளத்தோடு இசைந்து தட்டும் திறனோடும் தொடர்புள்ளவை.

தாளம் இங்கே எங்கிருந்து வந்தது? பேச்சு என்பது நேரக் கணக்கு. மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாவற்றிலும் ஏறத்தாழ நூறு தசைகள், நொடிக்கு ஐந்தாறு அசை என்ற வேகத்தில், ஒன்றுக்கொன்று முந்தாமல் பிந்தாமல் இயங்க வேண்டும். இடது மூளையில் பேச்சைத் திட்டமிடும் பகுதிக்கும், ஒலியைக் கேட்டறியும் பகுதிக்கும், தசைகளை இயக்கும் பகுதிக்கும் இடையே ஓடும் நரம்பிழைக் கற்றைகள் திக்குகிறவர்களிடம் சற்றுப் பலவீனமாக இருப்பதை 2002இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் திக்கியதால் மூளை அப்படி மாறியிருக்கலாமே என்று கேட்க அப்போது இடமிருந்தது. பிறகு அமெரிக்காவில் சூ யுன் சாங் சிறு பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்தபோதும் இதே போன்ற வேறுபாடுகள் தெரிந்தன. கூடவே மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. ஓர் அசை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு என்று உள்ளிருந்து சைகை தருவது அவற்றின் வேலைகளில் ஒன்று. அந்தச் சைகை தவறும்போது உதடு சேர்ந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பாடும்போது ஏன் திக்கல் வருவதில்லை என்ற பழைய புதிருக்கு இந்த விளக்கம் ஓரளவு பதில் தருகிறது. பாட்டில் அடுத்த அசையின் நேரத்தை மெட்டே சொல்லிவிடுகிறது. வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது பக்கத்துக் குரல்கள் அதைச் செய்கின்றன. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் தட்டுக்கு ஏற்பப் பேசினாலும் அப்படியே. வெளியிலிருந்து நேரம் கிடைத்தால் மூளை வேறு பாதையில் பேச்சை நடத்திக்கொள்கிறது என்பது இன்று வலுவாக முன்வைக்கப்படும் கருத்து. நாய்க்குட்டியிடமும் கைக்குழந்தையிடமும் தங்குதடையின்றிப் பேசுவதற்குக் காரணம் வேறு. அங்கே கேட்டு மதிப்பிட ஆள் இல்லை.

பதற்றத்தின் இடம் இதுதான். பதற்றம் திக்கலைப் பிறப்பிப்பதில்லை, பிறந்த திக்கலைப் பெரிதாக்குகிறது. போன் மணி அடித்ததும், மேலதிகாரி அறைக்குள் கூப்பிட்டதும், வரிசையாக ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னதும் அடைப்பு கூடுகிறது. நல்ல நாள், கெட்ட நாள் என்று ஏற்ற இறக்கம் இருப்பதால், ‘நேற்று நன்றாகத்தானே பேசினாய், இன்று ஏன் நடிக்கிறாய்?’ என்ற ஏச்சும் கிடைக்கிறது. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலைப் பனிப்பாறை என்றார். காதில் விழும் தடுமாற்றம் மேலே தெரியும் சிறு நுனி. வெட்கம், பயம், தவிர்த்தல், மறைத்தல் எல்லாம் நீருக்கடியில். திக்காமல் இருக்க எடுக்கும் முயற்சியே தசைகளை இறுக்கித் திக்கலை வளர்க்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம். சரளமாகப் பேச விரும்பும் யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவென்று நினைக்கிறேன்.

சிறு குழந்தைகளின் விஷயத்தில் நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. ஆனால் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை முகத்தைச் சுளித்து முட்டிமோதினால், ‘எனக்குப் பேச வரல’ என்று அதுவே சொன்னால், குடும்பத்தில் பெரியவராகியும் திக்குகிறவர் இருந்தால், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் லிட்கோம் பகுதியின் பெயரால் அழைக்கப்படும் பயிற்சிமுறை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. இதில் பயிற்சி கொடுப்பவர் அம்மா அல்லது அப்பா. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் படம் பார்த்தோ விளையாடியோ பேசும்போது, தடையின்றி வந்த வாக்கியத்தை ‘அழகா வந்துச்சு கண்ணு’ என்று அப்போதே பாராட்ட வேண்டும். எப்போதாவது ஒருமுறை, கண்டிப்பே இல்லாத குரலில், ‘இந்த இடம் கொஞ்சம் முட்டுச்சு, இல்ல?’ என்று சொல்லலாம். பாராட்டு பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் நடந்து 2005இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டுச் சோதனை, தானாக மீள்வதைவிட இந்த முறையில் திக்கல் அதிகம் குறைந்ததைக் காட்டியது. திக்கலைக் குழந்தையிடம் வாய்விட்டுச் சொன்னாலே கேடு என்ற ஜான்சனின் கொள்கை இதோடு சரிந்தது. எந்தத் தொனியில், எவ்வளவு அன்போடு சொல்கிறோம் என்பதில்தான் விஷயம். பெற்றோர் தங்கள் வேகத்தைக் குறைப்பது, கேள்விமேல் கேள்வி கேட்காமல் இருப்பது, பேச முறை வைத்துக்கொள்வது என்று குழந்தை மீதான சுமையைத் தணிக்கும் இன்னொரு முறையும் உண்டு. நெதர்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்டபோது ஒன்றரை ஆண்டுக்குப் பின் பலன் ஏறத்தாழ சமமாகவே இருந்தது.

பெரியவர்களுக்கு முழுக் குணம் என்று உறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். ‘பத்தே நாளில்’ என்று காசு வாங்கும் விளம்பரங்கள் ஏராளம். பயிற்சி அறைக்குள் நீட்டி நிதானமாகப் பேசினால் யாருக்கும் திக்கல் குறையும், வெளியே போன் மணி அடித்ததும் பழையபடி திரும்பும். ஆனால் உண்மையான முன்னேற்றம் எந்த வயதிலும் சாத்தியம், அதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பேசும் விதத்தையே மாற்றுவது: மூச்சை வெளிவிடத் தொடங்கியபடி குரலை மென்மையாக எழுப்புவது, உதட்டையும் நாக்கையும் அழுத்தாமல் தொடுவது, உயிரொலிகளைச் சற்று நீட்டுவது, பிறகு மெல்ல மெல்ல இயல்பான வேகத்துக்கு வருவது. இதைத் தினமும் பயில வேண்டும், விட்டால் நழுவும்.

இன்னொரு பாதையைக் காட்டியவர் சார்லஸ் வான் ரைப்பர். தானும் கடுமையாகத் திக்கியவர். திக்காமல் பேசப் பாடுபடுவதை விட்டுவிட்டு, எளிதாகத் திக்கக் கற்றுக்கொள் என்றார். ‘பாலு’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ப்ப்ப்…பாலு’ என்று முட்டி வெளிவந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு ஓடக்கூடாது. நின்று, எங்கே இறுகியது என்று உணர்ந்து, அதே ‘பாலு’வை உதடுகள் மெல்ல உரச மறுபடி சொல்ல வேண்டும். முதல் கட்டம் இது. இது பழகியதும், திக்கிக்கொண்டிருக்கும்போதே, இறுகிய உதட்டை மேலும் அழுத்தாமல் தளர்த்தி, ஒலியை வழிய விட்டு வெளியே வர வேண்டும். மூன்றாவதாக, திக்கப்போகிறோம் என்று தெரிந்த கணத்திலேயே, உதட்டைத் தளர்வாக வைத்துத் தொடங்க வேண்டும். இவற்றோடு வேண்டுமென்றே திக்குவதும் உண்டு. கடைக்காரரிடம் திக்காமல் வரக்கூடிய சொல்லையே ‘ச-ச-சர்க்கரை’ என்று தன்விருப்பத்தோடு சொல்வது. எதற்காக நடுங்கினோமோ அதைத் தானே செய்து பார்க்கும்போது, உலகம் இடிந்து விழவில்லை என்பது உடம்புக்குத் தெரிகிறது. பயம் குறைந்தால் இறுக்கம் குறைகிறது, இறுக்கம் குறைந்தால் பேச்சு இளகுகிறது. எதிர்மறை எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் உளவியல் சிகிச்சையும் இதற்குத் துணை. திக்கலுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் கிடையாது.

நம் நாட்டில் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனம் இதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளது. திக்குகிறவர்களே நடத்தும் இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷனின் சுய உதவிக் குழுக்களில், பலர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்களைப் போலவே பேசும் இன்னொருவரைச் சந்திக்கிறார்கள். மாற்றுச் சொல் தேடாமல் பேசிப் பார்க்க அது நல்ல இடம். அதே துணிச்சலோடு, வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘எனக்குத் திக்கல் உண்டு, கொஞ்சம் நேரம் எடுக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் பாதி இறுக்கம் அங்கேயே போய்விடுகிறது.

கேட்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘மெதுவா பேசு’, ‘மூச்சு விட்டுட்டு சொல்லு’, ‘டென்ஷன் ஆகாதே’ இவை மூன்றும் உதவுவதில்லை. சொல்லை நாமே முடித்துவைப்பதும் கூடாது. பல சமயம் தவறான சொல்லைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கண்ணைப் பார்த்து, முகம் மாறாமல், சொல்லி முடிக்கும்வரை இருந்தால் போதும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் திக்குகிற பிள்ளை இருந்தால் தனியாக அழைத்து, வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கட்டுமா, செய்யுள் ஒப்பிக்கும்போது பக்கத்துப் பையனோடு சேர்ந்து சொல்லட்டுமா, வாய்மொழித் தேர்வில் கூடுதலாக எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவனிடமே கேட்டுவிடுங்கள். அவன் குரலைக் கேலிசெய்து நடித்துக்காட்டும் பிள்ளையை அன்றைக்கே நிறுத்துங்கள்.